குடிநோயாளித் தகப்பனின் வீட்டில் வளர்ந்தவர் ஆறுவது எப்படி?

பேரளத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வளர்ந்து, இப்போது திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கும் 34 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய தந்தை நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். குடித்துவிட்டு வந்து மனைவியையும் மகனையும் ஆண்டுக்கணக்கில் அடித்தவர். இப்போது கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து, ஊரில் படுத்திருக்கிறார். "என்ன இருந்தாலும் பெத்த அப்பன், மன்னிச்சு வந்து பாரு" என்று உறவினர்கள் தொலைபேசியில் வற்புறுத்துகிறார்கள். மகனுக்கோ பொங்கல் நெருங்கினாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போய்விடுகிறது. குடியைத் தொட்டதே இல்லை என்றாலும், நான்கு வயது மகள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டபோது தம் கை ஓங்கியதைக் கண்டு தாமே நடுங்கிப்போனதாக எழுதியிருக்கிறார். இந்தப் புண் ஆறுமா, அப்பாவை மன்னித்தால்தான் ஆறுமா, அவருடைய குணம் எனக்கும் வந்துவிடுமா என்று கேட்கிறார்.

டெல்டா மாவட்டங்களில் மனநலச் சமூகப் பணியில் நெடுங்காலம் இருந்ததால், இதே கேள்வியை வெவ்வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன். உங்களுக்கே நேராக எழுதுகிறேன், தம்பி. ஆறும். உங்கள் அப்பா குடியை விட்டால்தான் ஆறும் என்பதில்லை. அவரை நீங்கள் மன்னித்தால்தான் ஆறும் என்பதும் இல்லை. அவர் திருந்துவதும் நீங்கள் ஆறுவதும் ஒரே காரியம் என்றுதான் வீட்டில் எல்லோரும் இத்தனை காலம் நம்பியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் பங்குக்கு யாரும் மருந்து தேடவே இல்லை.

பொங்கல் நேரத்துப் படபடப்பை வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். "ஊரே கொண்டாடும் நாளில் எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. மூட்டை தூக்குபவருக்கு ஆண்டு முழுவதும் கூலி இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடை, தை, மாசியில் சம்பா அறுவடை என்று நிலையம் திறந்திருக்கும் காலத்தில்தான் மூட்டைக் கணக்கில் கையில் காசு புரளும். காசு புரளும் மாதம் எதுவோ அதுதான் உங்கள் வீட்டில் அடி விழுந்த மாதம். மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் நாள் என்பதால் டாஸ்மாக் மூடியிருக்கும். அதற்காக முதல் நாளே வாங்கி வைப்பதும், இல்லையென்றால் காரைக்காலுக்கு வண்டி கட்டுவதும் உங்கள் பக்கத்தில் புதிய செய்தி அல்ல. ஆகவே ஊருக்குப் பண்டிகையாக இருந்த நாட்களை உங்கள் உடம்பு ஆபத்து நாட்களாகக் குறித்து வைத்திருக்கிறது. கரும்பும் மஞ்சள் கொத்தும் சந்தைக்கு வந்ததுமே அந்தக் குறிப்பு விழித்துக்கொள்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் எழுதியதில் ஓர் இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். வாய்க்கால் மதகின் மேல் அப்பாவின் சைக்கிள் ஏறும்போது செயின்கவர் தட்டும் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். மதகில் ஏறியதும் மணி அடித்தால் அன்றைக்குப் பயமில்லை. மணி அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால், அரிவாள்மனையை எடுத்து வைக்கோல் போரில் செருகிவிட்டு, மண்ணெண்ணெய் கேனைக் கொல்லையில் மறைத்து, தங்கையை வேலிச் சந்து வழியாக அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் வந்து உட்காருவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்களுக்கு எட்டு வயது. ஒரு சத்தத்தைக் கேட்டு அந்த இரவு எப்படிப் போகும் என்று கணித்து, வீட்டில் உள்ள ஆயுதங்களை அப்புறப்படுத்தி, பலவீனமானவரைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டு, அடியைத் தாம் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்காரும் பொறுப்பை எந்த எட்டு வயதுப் பிள்ளையும் சுமக்கக் கூடாது. ஆனால் சுமந்தீர்கள், அதுவும் சரியாகச் சுமந்தீர்கள். இன்றைக்கு அலுவலகத்தில் மேலாளர் குரலில் சிறிய மாற்றம் தெரிந்தாலே வயிறு கலங்குகிறது, மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது என்கிறீர்களே, அதே திறமைதான் அது. வேலை முடிந்த பிறகும் கலைந்து போகாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

இதன் உடலியல் இன்று நன்றாகவே தெரியும். ஆபத்தை முதலில் உணரும் மூளைப் பகுதியான அமிக்டலா, சிந்தித்து முடிவெடுக்கும் பகுதியை முந்திக்கொண்டு எச்சரிக்கை கொடுக்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்து, ஓடவோ எதிர்க்கவோ உறைந்து நிற்கவோ உடம்பைத் தயார் செய்கின்றன. எப்போதாவது நடந்தால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வளரும் வயதில் மாலைதோறும் நடந்தால், எச்சரிக்கை நிலையே இயல்பு நிலையாகப் படிந்துவிடுகிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய இரு மருத்துவர்கள் நடத்திய பெரிய ஆய்வு இதைத்தான் எண்களில் காட்டியது. 17,000க்கும் அதிகமானோர் பங்கேற்ற அந்த ஆய்வின் முதல் முடிவுகள் 1998இல் வெளிவந்தன. வீட்டில் குடிநோயாளி இருப்பது, தாய் அடிபடுவதைப் பார்ப்பது, தானே அடிபடுவது போன்ற குழந்தைப் பருவத் துன்ப வகைகளில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதையும் படாதவர்களைவிடக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இந்த எண்ணைப் படித்துப் பதற வேண்டாம். கூட்டத்தின் சராசரியைச் சொல்லும் எண் அது. தனி ஒருவரின் தலைவிதியைச் சொல்லாது. உங்கள் படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் மனவலிமைக் குறைவு காரணமில்லை என்பதற்குச் சான்றாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கையைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். "அப்பா அவ்வளவு மோசமில்லையே அண்ணா, நீதான் பெரிசு பண்ணுறே" என்று அவர் சொன்னது உங்களை மிகவும் புண்படுத்தியிருக்கிறது. ஒரே வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரே குழந்தைப் பருவம் வாய்ப்பதில்லை. அவர் அடுத்த வீட்டுக் கொல்லையில் இருந்தார், அனுப்பியது நீங்கள். அவருக்கு நினைவில்லை என்றால் உங்கள் பாதுகாப்பு பலித்திருக்கிறது என்று பொருள். அதற்கு விலையாக, நடந்ததற்குச் சாட்சி இல்லாத மனிதராக நீங்கள் நிற்கிறீர்கள். அவரை நம்ப வைக்க வாதாடாதீர்கள். உங்கள் ஆறுதல் அவருடைய ஒப்புதலைச் சார்ந்திருக்கத் தொடங்கினால், அதுவும் அப்பா திருந்தக் காத்திருந்த கதையாகிவிடும்.

சாட்சி இல்லாமல் போனதற்கு ஊரும் ஒரு காரணம். குடிநோயாளி இருக்கும் வீடுகளில் எழுதாத சட்டங்கள் மூன்று என்று கிளாடியா பிளாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்னார்: பேசாதே, நம்பாதே, உணராதே. நம் ஊரில் நான்காவதாக ஒன்று உண்டு, தெரிந்தாலும் தெரியாதது போல் இரு என்பது. தெருவில் எல்லோருக்கும் அலறல் கேட்கும். மறுநாள் காலையில் குழாயடியில் அம்மாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், கேட்காததையே மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளை இதிலிருந்து கற்றுக்கொள்வது, நடந்தது பேசத்தக்க விஷயமே இல்லை என்பதை. ஆகவே ஆறுவதற்கான முதல் வேலை, நம்பிக் கேட்கும் ஒருவரிடமாவது நடந்ததை நடந்தபடி சொல்வது. மன்னிப்பதும் மறப்பதும் அதற்கு முன்னால் வருவதில்லை. மனைவியிடம் இதுவரை சொல்லவில்லை என்கிறீர்கள். அங்கே தொடங்குங்கள், ஒரே இரவில் முழுவதையும் கொட்ட வேண்டாம். மதகுச் சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னாலே, உங்கள் குடும்ப வாழ்வில் அவருக்குப் புரியாமல் இருந்த பல விஷயங்கள் புரியத் தொடங்கும்.

இனி அப்பா. "குடி ஒரு நோய்தானே, நோயாளி மேல் கோபப்படலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுச் சார்பு நோய்தான். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே அதை நோயாக ஏற்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு. கை நடுக்கமும், விட நினைத்தும் விட முடியாமையும், அளவு கூடிக்கொண்டே போவதும் அந்த நோயின் குறிகள். பெண்டாட்டி பிள்ளையை அடிப்பது அதன் குறிகளில் இல்லை. நாள் முழுவதும் குடித்தும் யார் மேலும் கை வைக்காமல் மூலையில் சுருண்டு கிடக்கும் குடிநோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டும் குடிக்காமல் வீட்டில் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். குடி, தடுக்கும் மனத்தைத் தளர்த்துகிறது, உண்மை. ஆனால் உங்கள் அப்பா எவ்வளவு போதையில் இருந்தாலும் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர் மீதோ மேஸ்திரி மீதோ கை ஓங்கியதாக நீங்கள் எழுதவில்லை. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்ற கணக்கு போதையிலும் தப்பவில்லை. ஆகவே நோய்க்காக இரங்குங்கள், அடிக்காகக் கோபப்படுங்கள். இரண்டும் ஒரே மனத்தில் இருக்கலாம், ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

அம்மா மேல் இருக்கும் கோபத்தைத்தான் நீங்கள் எழுதத் தயங்கியிருக்கிறீர்கள். "அம்மாவும் பாவம்தான், ஆனா" என்று தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் விட்டிருந்தீர்கள். நான் முடிக்கிறேன். ஆனால் அவர் ஏன் எங்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை? ஏன் மறுநாள் அதே மனிதருக்குச் சுடுசோறு போட்டார்? ஏன் "அப்பாகிட்ட வாயக் கொடுக்காதே" என்று என்னை அடக்கினார்? இந்தக் கேள்விகள் எழாத பிள்ளையை நான் சந்தித்ததில்லை. அடிப்பவர் மீது வரும் கோபத்தைவிட, காப்பாற்றாதவர் மீது வரும் கோபம் சொல்லக் கூச்சமானது. அதனாலேயே ஆழமாக இறங்கிவிடுகிறது. அவருடைய பக்கத்தை நீங்கள் அறிவீர்கள்: நடவுக் கூலியில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனிக் குடித்தனம் நடத்த வழியில்லை, பிறந்த வீட்டில் அண்ணிக்குப் பின்னால்தான் இடம், காவல் நிலையத்துக்குப் போனால் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டமே 2006 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது; அடித்தவரை விட்டு வெளியேறாமலே அந்த வீட்டில் வசிக்கும் உரிமையை நீதிமன்றத்தின் மூலம் பெறலாம் என்று அதில் இருப்பது இன்றும் பல தாய்மார்களுக்குத் தெரியாது. இவ்வளவும் உண்மை. எட்டு வயதில் உங்களுக்கு ஒரு பெரியவர் தேவைப்பட்டார், அந்தப் பெரியவர் இல்லை என்பதும் உண்மை. அம்மாவின் சூழ்நிலையைப் புரிந்துகொள்வதால் உங்கள் இழப்பு இல்லாமல் போய்விடாது. கோபத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொட்டத் தேவையில்லை. சிகிச்சை அறையில் அதற்கு இடம் இருக்கிறது.

மன்னிப்பைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது உங்களுக்குத் தொலைபேசியில் மன்னிப்பை உபதேசிக்கும் சித்தப்பாவும் பெரியம்மாவும், அலறல் கேட்ட இரவுகளில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள். அவர்கள் கேட்பது மன்னிப்பை அல்ல, பழைய மௌனத்தின் தொடர்ச்சியை. படுத்திருப்பவரைக் கவனிக்க ஆள் வேண்டும் என்ற நடைமுறைத் தேவையையும் அதில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். பராமரிப்பு ஒரு கடமை, அதற்குச் சட்டமே இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன்படி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு, பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெறலாம். அந்தச் சட்டம் பணத்தைத்தான் கேட்கிறது. அன்பையோ, உடன் வாழ்வதையோ, பக்கத்தில் உட்கார்ந்து கை பிடிப்பதையோ கேட்கவில்லை. மருத்துவச் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று முடிவு செய்து, அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அப்பாவின் கையில் காசாகக் கொடுக்க வேண்டாம். சித்தப்பாவுக்கு "செலவை நான் பார்த்துக்கிறேன், மத்ததைப் பத்தி இப்போ பேச முடியல" என்ற ஒரே பதிலை, விளக்கம் சேர்க்காமல், எத்தனை முறை கேட்டாலும் சொல்லுங்கள். விளக்கம் கொடுத்தால் அது விவாதமாகும், விவாதத்தில் அவர் ஜெயிப்பார்.

மன்னிப்பு ஒருநாள் தானாக வந்தால் வரட்டும். வராமலே நிம்மதியாக வாழ்பவர்களும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் பேசமாட்டார்கள். ஈரல் அந்த நிலைக்குப் போன பிறகு காலம் நீளாமல் போகலாம். மூத்த மகன் என்ற முறையில் கொள்ளி வைக்க வேண்டியவர் நீங்கள். அந்த நாளில் அழுகை வராமல் போகலாம். விட்டது தொல்லை என்ற உணர்வு எழலாம். அதைத் தொடர்ந்து, கிடைக்கவே கிடைக்காத ஓர் அப்பாவுக்காக அழுகை மாதங்கள் கழித்து எதிர்பாராத இடத்தில் வரலாம். மூன்றும் இயல்பே. கொள்ளி வைப்பதா, பங்காளி ஒருவரிடம் விட்டுவிடுவதா என்பதை இப்போதே மனைவியோடு பேசி முடிவு செய்து வையுங்கள். பாடை கட்டும் நேரத்தில் இருபது பேர் சுற்றி நின்று அந்த முடிவை உங்களுக்காக எடுக்கக் கூடாது. சடங்கைச் செய்வதால் நீங்கள் அவரை மன்னித்ததாகவும் ஆகாது, செய்யாததால் அரக்கனாகவும் ஆகமாட்டீர்கள்.

அப்பா இன்னமும் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கிறார், வலங்கைமான் மகாமாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்திவிட அம்மா நினைக்கிறார் என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். வேண்டுதலை நான் குறைத்துப் பேசவில்லை. ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்களில் குடியைத் தொடாதவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றி, இல்லாததைக் கண்டு பயந்து, காய்ச்சலும் நடுக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் வைட்டமின் பி1 ஊசியோடும் உரிய மருந்துகளோடும்தான் நிறுத்த வேண்டும். அதைவிட முக்கியம், காபியிலோ குழம்பிலோ தெரியாமல் கலந்து கொடுக்கும் 'குடியை மறக்கடிக்கும்' மாத்திரை, பொடி எதையும் அம்மா வாங்கிவிடக் கூடாது. அவற்றில் இருக்கக்கூடிய டைசல்ஃபிரம் என்ற மருந்து குடிநோய்க்குப் பயன்படும் என்று 1948இல் டென்மார்க்கில் அறிவிக்கப்பட்டது. சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது. ஈரல் கெட்டவருக்கு அது விஷத்துக்குச் சமம்.

மதுக்கடைகளை மூடினால் இதெல்லாம் தீருமே என்று நீங்கள் கேட்பது நியாயம். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கிலிருந்து, 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது வரை பேச நிறைய உண்டு. எனக்குக் கோபமும் உண்டு. உங்கள் தூக்கத்துக்கு அந்தப் பேச்சு உதவாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

சிகிச்சைக்கு எங்கே போவது? பணம் இல்லை, பைத்தியம் என்பார்கள் என்ற இரண்டு தயக்கங்களும் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில்தான் முதலில் தொடங்கியது. அவற்றில் ஒன்று நம் திருச்சி. இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டுக்குக் காசில்லை. நீங்கள் திருப்பூரிலேயே பார்க்கலாம். அம்மாவுக்குத் திருவாரூரோ தஞ்சாவூரோ பக்கம். நேரில் போகத் தைரியம் வரும் வரை, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், அன்றைக்கே அழையுங்கள்.

மருத்துவரிடம் "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு திரும்புவீர்கள். "சிறு வயதில் அப்பா அடித்தார், அதன் தொடர்ச்சியாக இப்போது இப்படி இருக்கிறது" என்று அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீண்டகாலத் துன்பத்துக்குப் பின் வரும் இத்தகைய நிலைக்குச் சிக்கலான மனக்காய அழுத்த நோய் என்று தனிப்பெயரே உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பட்டியலில் அது இடம்பெற்றது. உங்களுக்கு அது இருக்கிறதா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண் அசைவுகளோடு நினைவுகளைக் கையாளும் இ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டையும் மனக்காய அழுத்த நோய்க்கு அந்த நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. நல்ல ஆலோசகர் முதல் நாளே பழைய இரவுகளைத் தோண்டமாட்டார். படபடப்பு வரும்போது காலைத் தரையில் ஊன்றுவது, மூச்சை நீளமாக வெளியே விடுவது, அறையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்ப்பது என்று, நிகழ்காலத்துக்குத் திரும்பும் வழியை முதலில் கற்றுக்கொடுப்பார். அது கைவந்த பிறகுதான் நினைவுகளுக்குள் இறங்குவார். முதல் சந்திப்பிலேயே "பெத்தவங்களை மன்னிச்சிடுங்க" என்று சொல்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று 1951இல் அமெரிக்காவில் உருவான அல்-அனான் அமைப்பின் குழுக்கள் தமிழ்நாட்டிலும் கூடுகின்றன. கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் வளர்ந்து ஆளானவர்களுக்கென்றே 1978இல் நியூயார்க்கில் தனி இயக்கமும் பிறந்தது. அதிகாரத்தில் இருப்பவர்களைக் கண்டால் பயம், இல்லை என்று சொன்னால் குற்ற உணர்ச்சி, அடுத்தவரின் மனநிலைக்கெல்லாம் தானே பொறுப்பு என்ற எண்ணம் என்று அவர்கள் தங்களுக்குள் கண்ட பொதுத்தன்மைகள், கடன் கேட்ட யாருக்கும் மறுக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியதை அப்படியே எதிரொலிக்கின்றன. நம் பக்கத்தில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையம், நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. குடும்பத்துக்கும் காயம் உண்டு என்பதை நம் ஊருக்கு முதலில் புரியவைத்தவர்களில் அவர் ஒருவர்.

எழுதுவது பிடிக்கும் என்கிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட சோதனையில், மனத்தை அழுத்தும் நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. செய்து பாருங்கள், ஆனால் இரவில் தனியாக வேண்டாம், எழுதி முடித்து வெளியே நடந்துவிட்டு வர நேரம் இருக்கும்போது எழுதுங்கள். எழுதிய பிறகு நாள்கணக்கில் மோசமாக உணர்ந்தால் நிறுத்திவிட்டு ஆலோசகரோடு சேர்ந்து தொடருங்கள்.

அப்பாவின் குணம் உங்களுக்கும் வருமா? குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணுவைச் சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே குடியைத் தொடாமல் இருக்கும் உங்கள் முடிவு புத்திசாலித்தனமானது, நண்பர்கள் எவ்வளவு கேலி செய்தாலும். மகள் மீது ஓங்கிய கை வேறு விஷயம். அது பார்த்துப் பார்த்துப் படிந்தது, படிந்ததை மாற்ற முடியும். ஹவாயில் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னர், வறுமையும் குடியும் சண்டையும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல, அன்பான பெரியவர்களாக வளர்ந்ததைக் கண்டார். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நம்பகமான ஒரு பெரியவரின் துணை. நீங்கள் கடிதத்தில் இரண்டு வரி எழுதியிருக்கும், உங்கள் தங்கைக்கு இடம் கொடுத்து, காலையில் உங்களுக்கும் பழையது போட்ட அந்த அடுத்த வீட்டு ஆச்சி அப்படிப்பட்டவராக இருந்திருக்கலாம்.

மகளைப் பொறுத்தவரை, தவறே செய்யாத அப்பாவாக இருக்க முயல வேண்டாம், அது முடியாத காரியம். உங்கள் வீட்டில் நடக்காமல் போனது, நடந்த பிறகு யாராவது வந்து பேசுவது. அதை நீங்கள் செய்யலாம். குழந்தையின் உயரத்துக்கு உட்கார்ந்து, "அப்பா கையை ஓங்கினது தப்பு. நீ தட்டைத் தள்ளினதால இல்ல, அப்பாவுக்குக் கோபத்தை அடக்கத் தெரியல. இனி கோபம் வந்தா நான் வெளியே போயிட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அடுத்த முறை வெளியே போய்விட்டுத் திரும்பி வாருங்கள். திரும்பி வருவதை அவள் பார்க்க வேண்டும்.

கடைசியாக, தூக்கத்துக்கு நண்பர் ஒருவர் கொடுத்த மாத்திரையை வாரத்தில் சில நாள் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரைகளில் பலவும் சில வாரங்களிலேயே பழக்கமாகக் கூடியவை, குடிநோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை. நீண்ட நாள் போட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். மனநலப் பிரிவுக்குப் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்; எதை எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார்.